புது ரோபோகொப்பை ஏன் எல்லாரும் திட்டுகிறீர்கள்?

2024 மார்ச் 2, கேள்வி, நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர்

2014இல் வந்த ரோபோகொப் என்ற ஆங்கிலப் படத்தைப் போன கிழமைதான் பார்த்தேன். எனக்கு நன்றாகப் பிடித்தது. பிறகு 1987இல் வந்த பழையதையும் தேடிப் பார்த்தேன். பொம்மை மாதிரி ஓர் இயந்திரம் படிக்கட்டில் விழுந்து கத்துகிறது. கதாநாயகன் திரும்பிப் பார்ப்பதற்கே நேரம் எடுக்கிறான். வீட்டில் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் "பழசுக்குக் கிட்ட வருமா" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவரிடமும் ஒழுங்கான பதில் இல்லை. புதியதில் குடும்பம் இருக்கிறது, மூளையைப் பற்றிய கேள்வி இருக்கிறது, நடிகர்கள் எல்லாரும் பெரிய ஆட்கள். என் கணக்கில் புதியதுதான் திறம். இல்லை என்கிறவர்கள் காரணம் சொல்லுங்கள்.

2024 மார்ச் 2, இரவு

தம்பி, உங்கள் அப்பாவின் வயதுக்காரன் நான். பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நீங்கள் முழுக்கப் பிழை என்று நான் நினைக்கவில்லை. புதிய படத்தின் முதல் பத்து நிமிடம் என்னை உலுக்கிய மாதிரிப் பழைய படத்தின் எந்தப் பத்து நிமிடமும் உலுக்கவில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு முடியாது.

பழையதை நான் பார்த்தது 1995 அளவில், உவர்மலையில் ஒரு கூட்டாளி வீட்டில். அவர்களிடம் வீடியோ டெக் இருந்தது. டவுனில் ஒரு கடையில் ஓர் இரவுக்குக் கசெட் வாடகைக்கு எடுப்போம். கொப்பியிலிருந்து கொப்பி அடித்து, அதிலிருந்து இன்னொரு கொப்பி அடித்த கசெட். ஈடி-209 என்கிற பெரிய இயந்திரம் கூட்ட அறையில் ஓர் ஊழியரைச் சுட்டுத் தள்ளும் காட்சி இருக்கிறதே, எங்களுக்கு முன் எடுத்தவர்கள் எல்லாரும் அதைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டு, அந்த இடத்தில் நாடா தேய்ந்து போயிருந்தது. படம் குதித்துக் குதித்துத்தான் வரும்.

கதாநாயகன் மேர்பி ஒரு பொலிஸ்காரன். அவனைச் சுட்டுக் கொன்ற பிறகு ஒரு கம்பனி அவனை இயந்திரப் பொலிஸாக்குகிறது. அவன் இயந்திரமாகக் கண் விழிக்கும் காட்சி முழுக்க அவன் கண்ணுக்குள்ளிருந்து எடுத்தது. திரை முழுக்கக் கோடும் இரைச்சலும். கசெட்டின் கோடு எது, அவன் கண்ணின் கோடு எது என்று எங்களுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கூட்டாளி எழும்பிப் போய், கோடு விழாமல் படத்தைச் சரிப்படுத்தும் ட்ராக்கிங் குமிழை டெக்கில் திருகித் திருகிப் பார்த்தான். கோடு போகவில்லை. அப்புறம்தான் விளங்கியது, அது அவனுடைய கண்.

ஆங்கிலம் பத்துச் சொல்லுக்கு இரண்டு சொல்தான் பிடிபடும். ஆனால் துப்பாக்கியை விரலில் சுழற்றி உறையில் போடுவான் பாருங்கள், அது விளங்கியது. உயிரோடு இருந்தபோது மகனுக்காகப் பழகிய வித்தை. பெயரை அழித்துவிட்டார்கள், முகத்தை மூடிவிட்டார்கள், கை மட்டும் மறக்கவில்லை. அந்தச் சுழற்றலைப் பார்த்துத்தான் கூட வேலை செய்த லூயிஸ் அவனை அடையாளம் காண்கிறாள். பதினான்கு வயதில் இதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்: பழையதில் அவன் சாகிறான், புதியதில் சாகவில்லை. மற்றக் குறைகள் எல்லாம் இதிலிருந்து வருகிறவை. டெட்ரொயிட்டிலேயே போய் எடுத்தபடியால் அந்த நகரத்தின் அழுக்கும் பழையதில் அப்படியே இருக்கிறது.

2024 மார்ச் 3, காலை

திருத்தம். டெட்ரொயிட்டில் எடுத்தது என்று எழுதியது பிழை. கதைதான் டெட்ரொயிட்டில் நடக்கிறது. பெரும்பகுதி எடுத்தது டெக்சாஸில், டலஸ் நகரத்தில். கம்பனித் தலைமையகமாகக் காட்டுவது டலஸ் மாநகர சபைக் கட்டடம், மேலே கோபுரத்தை ஓவியமாகச் சேர்த்திருக்கிறார்கள். கடைசிச் சண்டை நடக்கும் உருக்காலை பென்சில்வேனியாவில். முப்பது வருடமாக நான் டெட்ரொயிட்டின் அழுக்கு என்று நம்பிக்கொண்டிருந்தது டெட்ரொயிட்டின் அழுக்கே இல்லை. சுட்டிக்காட்டிய மட்டக்களப்பு அக்காவுக்கு நன்றி.

2024 மார்ச் 3, இரவு

அந்த முதல் பத்து நிமிடம்.

படம் 2028இல் நடக்கிறது. சாமுவேல் ஜாக்சன் ஒரு தொலைக்காட்சிக்காரராக வந்து நேரடி ஒளிபரப்பில் தெஹ்ரானைக் காட்டுகிறார். தெருவில் ரோபோக்கள் நடந்து வருகின்றன. பின்னால் ஈடி-209. சனம் வீடுகளிலிருந்து வெளியே வந்து கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறது. இயந்திரம் ஒவ்வொருவரையும் அளந்து பார்த்து, ஆபத்தில்லை என்றால் அடுத்த ஆளுக்குப் போகிறது. கமராவுக்கு முன்னால் நிற்கிற செய்தியாளர் எல்லாம் அமைதியாக நடப்பதாகச் சொல்கிறார்.

திருகோணமலையில் என் வயதில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் தேடுதல் என்றால் விடியப்புறம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். அடையாள அட்டையோடு எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும். அம்மா அடுப்பில் வைத்த தேத்தண்ணியை இறக்கி வைத்துவிட்டு வருவா. வரிசையில் உட்கார வைப்பார்கள். பிறகு வரிசை ஒவ்வொன்றாக எழும்பி, முகத்தை மூடிய ஒருவனுக்கு முன்னால் நடந்து போக வேண்டும். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மற்றப் பக்கம். தலையாட்டி என்று சொல்லுவோம். சனம் அவனுடைய முகத்தைப் பார்க்காமல் தலையை மட்டுமே பார்த்துக்கொண்டு நடக்கும்.

இறுவட்டில் அந்தத் தெஹ்ரான் தெருவைப் பார்த்தபோது நான் கதிரையில் நிமிர்ந்துவிட்டேன். ரோபோவுக்கு முன்னால் நிற்கிற அந்த மனிதர்களின் தோள் எப்படி இருக்கிறதென்று பாருங்கள். கையை உயர்த்தினாலும் தோளைக் கொஞ்சம் ஒடுக்கி, தன் உடம்பைச் சின்னதாக்கிக்கொண்டு நிற்பது. அதை இயக்குநர் எங்கோ பார்த்திருக்கிறார்.

பார்த்துத்தான் இருக்கிறார். ஜோசே பாடில்யா பிரேசில்காரர். 2000இல் ரியோவில் நடந்த ஒரு பஸ் கடத்தலைப் பற்றி 2002இல் ஆவணப்படம் எடுத்தவர். பிறகு, அதே நகரத்துச் சேரிகளுக்குள் இறங்கும் விசேட பொலிஸ் படையைப் பற்றி 2007இல் எடுத்த படத்துக்கு அடுத்த வருடம் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது கிடைத்தது. தேடுதல் நடக்கும் ஒழுங்கை எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்.

அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெடியன் சமையல் கத்தியோடு ஓடி வருகிறான். தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான், அந்த ஆத்திரம். ஈடி-209 கணக்குப் பார்க்கிறது: கையில் ஆயுதம். சுட்டுவிடுகிறது. ஒளிபரப்பு வெட்டப்படுகிறது. கலையகத்தில் ஜாக்சன் ஒன்றும் நடக்காதது போல, அமெரிக்கத் தெருக்களில் மட்டும் ஏன் இந்த ரோபோக்களை இறக்க மறுக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்குகிறார்.

தலையாட்டிக்கு ஒரு பயம் இருந்திருக்கும். அவனையும் யாரோ பிடித்துக் கொண்டுவந்துதான் முகத்தை மூடியிருப்பார்கள். எங்களில் யாராவது அவன் கண்ணை நேராகப் பார்த்தால் அவன் தலை ஆடாமலும் போகலாம் என்று சனம் நம்பியது. ஈடி-209இடம் அந்த நம்பிக்கைக்கும் இடமில்லை. படம் கேட்கிற கேள்வி இதுதான் என்று நினைத்தேன். மிச்சம் ஒன்றரை மணித்தியாலமும் இதற்குள்தான் போகப் போகிறது என்று காத்திருந்தேன்.

2024 மார்ச் 5

இரத்தம் காட்டாததுதான் குறையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக.

பழைய படத்துக்கு அமெரிக்கத் தணிக்கையில் முதலில் பெரியவர்களுக்கு மட்டும் என்ற எக்ஸ் தரம் கொடுத்தார்கள். பல தடவை வெட்டிக் குறைத்த பிறகுதான் அதற்கு அடுத்த படியான ஆர் தரத்துக்கு இறங்கியது. புதியது பிள்ளைகளும் பார்க்கக்கூடிய பிஜி-13 தரம். ஆனால் அது பெரிய விஷயம் இல்லை. எனக்கு வேண்டியது பாரம். பீட்டர் வெல்லர் அந்தக் கவசத்துக்குள் நடப்பதற்கு மோனி யாகிம் என்ற ஊமைக்கூத்து ஆசிரியரிடம் மாதக் கணக்கில் பழகினார். ரொப் பொட்டீன் செய்த கவசம் படப்பிடிப்புக்குப் பிந்தி வந்து, பழகியதெல்லாம் அதற்குள் சரிவராமல் போய், திரும்பப் பழக வேண்டியிருந்தது. அதனால்தான் அவன் முதலில் தலையைத் திருப்புகிறான், பிறகு தோள், பிறகு கால். தம்பி, நீங்கள் நேரம் எடுக்கிறான் என்று சொன்னது இதைத்தான். ஒரு நிலைப்பேழை திரும்புகிற மாதிரி இருக்கும். நிலம் அதிர்வது தெரியும்.

புதியதில் ஆய்வுகூடம் சீனாவில் இருக்கிறது. கண் விழித்த மேர்பி தப்பி ஓடி, தொழிற்சாலைக்குள்ளால் போய், நெல் வயலுக்குள் இறங்கி ஓடுகிறான். தம்பலகாமத்தில் எங்கள் மாமா வயல் செய்கிறவர். உழவு இயந்திரத்துக்குச் சேற்றில் ஓடுவதற்கான கேஜ் வீல் என்ற இரும்புச் சில்லுப் போட்டும் புதைந்து, கயிறு கட்டி இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இரும்பு மனிதன் வயலில் ஓடினால் முழங்கால் வரை புதைவான். அவன் மான் மாதிரிப் போகிறான். அந்த இடத்தில் எனக்கு அவனுடைய உடம்பில் இருந்த நம்பிக்கை போய்விட்டது. பிறகு எவ்வளவு சுட்டாலும் திரும்பி வரவில்லை.

பழைய ஈடி-209 பொம்மைதான், உண்மை. பில் டிப்பெட் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தது. படிக்கட்டில் காலை வைக்கலாமா என்று தயங்கி, விழுந்து, கவிழ்ந்த ஆமை மாதிரிக் கிடந்து கத்துகிறதே, அந்தத் தயக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள். பாரமான ஒரு பொருள் விழப் பயப்படுகிறது.

2024 மார்ச் 6

நேற்றிரவு புதியதை முழுக்கத் திரும்பப் பார்த்தேன். மார்ச் 3 இரவு எழுதியதைப் பற்றி எனக்கே இப்போது சந்தேகம்.

தெஹ்ரான் திரும்பி வரவில்லை. ஒரு தடவைகூட. படம் முழுக்க வாதம் நடப்பது ட்ரைபஸ் சட்டத்தைப் பற்றி, அதாவது அமெரிக்க மண்ணில் ரோபோ பொலிஸ் வேண்டாம் என்ற சட்டத்தைப் பற்றி. கம்பனித் தலைவராக மைக்கல் கீற்றன் அந்தச் சட்டத்தை உடைக்கத்தான் இயந்திரத்துக்குள் ஒரு மனிதனை வைக்கிறார். எல்லாம் அமெரிக்கர்களுடைய பயம், அமெரிக்கர்களுடைய வாக்கு. கத்தியோடு ஓடி வந்த பெடியன் செனட்டில் ஒரு வரி உதாரணமாகக்கூட உருப்படியாக வரவில்லை. அவனுடைய தாய் அந்த வீட்டில் இருந்தாளே, அவளுக்கு என்ன நடந்தது?

நான் ஏமாந்த மாதிரி உணர்ந்தேன். எங்களுடைய மைதானத்தைக் கடன் வாங்கிப் படத்தைத் தொடங்கிவிட்டு, வேறு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி.

2024 மார்ச் 6, ஒரு மணித்தியாலம் கழித்து

இல்லை, பழையதுக்கும் இதே அளவுகோலைப் பிடிக்க வேண்டும். பழையதில் வெளிநாட்டுச் சனம் எப்படி வருகிறது? சிரித்த முகத்தோடு வாசிக்கிற செய்தித் துண்டுகளில். உலகம் எரிகிறது, அப்புறம் ஒரு விளம்பரம். அவ்வளவுதான். பழையதை எடுத்த போல் வெர்ஹூவன் 1938இல் பிறந்தவர், சின்ன வயதில் ஹேக் நகரத்தில் ஜேர்மன்காரரின் ஆக்கிரமிப்புக்குள் இருந்தவர், குண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். அவரே அந்தத் தெருவைக் காட்டவில்லை. பாடில்யா பத்து நிமிடமாவது காட்டினார். அந்த அளவில் புதியதுக்கு ஒரு புள்ளி கூட. தம்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச் 9

சிவராத்திரி முடிந்து பகல் முழுக்க நித்திரை. இப்போதுதான் எழும்பினேன்.

கோணேஸ்வரத்தில் விடிய விடிய இருந்தபோது ஒரு நண்பர், இந்த இழையை வாசிக்கிறவர், மூன்றாம் சாமத்தில் என்னைக் கேட்டார்: "நீங்கள் ரீமேக் வேண்டாம் என்கிறீர்களே, இந்தக் கோயில் என்ன?" ரீமேக் வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை. ஆனாலும் கேள்வி என்னோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது.

திருகோணமலையின் சுவாமிமலையில் இருந்த பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அந்தக் கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது பழைய வெண்கல விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலுக்குள் சுழியோடி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார்கள். விஞ்ஞானக் கதைகளுக்காக உலகம் முழுக்கத் தெரிந்த அதே கிளார்க்தான். இப்போதைய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. ஆக நாங்கள் கும்பிடுகிற கட்டடம் பழைய கட்டடம் இல்லை. அதை யாரும் ஒளிக்கவும் இல்லை. உள்ளே போனால் மண்ணுக்குள் கிடந்த அதே விக்கிரகம் இருக்கிறது, அதுக்காகத்தான் சனம் போகிறது.

அப்படிப் பார்த்தால் புதிய படத்தின் கருவறையில் பழையதிலிருந்து என்ன எடுத்து வைத்தார்கள்? பசில் பொலெடூரிஸின் இசை ஒரு துண்டு வருகிறது. பழைய வசனம் ஒன்றிரண்டு வருகிறது. கவசம் முதலில் வெள்ளி நிறத்தில் பழையதின் சாயலில் வந்து, கீற்றன் சொன்ன பிறகு கறுப்பாகி, முடிவில் திரும்ப வெள்ளிக்கு வருகிறது. இவையெல்லாம் வாசல் வேலைப்பாடு. செத்தவன் தன் பெயரைத் தேடி வருவதுதான் பழைய படத்தின் மூலவர். அதை அவர்கள் எடுக்கவில்லை.

இதைச் சொன்னதும் நண்பர், "அவர்கள் வேறு சாமி வைத்திருக்கலாமே" என்றார். இருக்கலாம். அது என்ன என்று பார்க்க வேண்டும்.

2024 மார்ச் 10

வேறு சாமி இருக்கிறது. சித்தப்பா காட்டித் தந்தார்.

சித்தப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிதிவெடி. முப்பது வருடத்துக்கு மேல் ஜெய்ப்பூர் கால் போடுகிறார், இப்போது போட்டிருப்பது எத்தனையாவது என்று அவருக்கே கணக்கு இல்லை. 1968 அளவில் ஜெய்ப்பூரில் ராம் சந்தர் சர்மா என்ற சிற்பியும் டொக்டர் சேத்தியும் சேர்ந்து செய்த ரப்பர் பாதம். மேல்நாட்டுச் செயற்கைக் காலோடு சப்பாத்துப் போட வேண்டும், குந்தியிருக்க முடியாது. இதோடு வெறுங்காலில் நடக்கலாம், குந்தலாம், வயலில் இறங்கலாம். சித்தப்பா கோயில் வீதியைச் சப்பாத்தில்லாமல் சுற்றுவார். அதற்காகவே அந்தச் சிற்பிக்கு ஒரு கற்பூரம் கொளுத்தலாம் என்பார்.

நேற்று நான் திரும்பவும் புதியதை ஓடவிட்டபோது அவரும் வந்து இருந்தார். தெஹ்ரானைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தது கேரி ஓல்ட்மனின் ஆய்வுகூடம். அவர்தான் டொக்டர் நோர்டன். கையில்லாத ஒருவருக்கு இயந்திரக் கை பூட்டியிருக்கிறார்கள். அவர் கிற்றார் வாசிக்கிறார், மனைவி பார்த்து அழுகிறாள். வாசித்துக்கொண்டு போகையில் உணர்ச்சி ஏறுகிறது, கை தடுமாறுகிறது. உணர்ச்சியைக் கட்டுப்படுத்து என்று டொக்டர் சொல்கிறார். உணர்ச்சி இல்லாமல் எப்படி வாசிக்கிறது என்று அந்த மனிதர் கேட்கிறார்.

சித்தப்பா சொன்னார்: "நிப்பாட்டு. உதைத் திருப்பிப் போடு."

மூன்று தடவை போட்டோம். பிறகு அவர் கதைத்ததை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கும் உதுதான். கோவம் வந்தா இந்தக் கால் முதல்ல எழும்பாது. மற்றக் கால் எழும்பியிடும், நான் விழுந்திடுவன். உங்கட சித்தி அதால என்னோட சண்டை பிடிக்கிறேல்ல."

இத்தனை வருடத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை.

பிறகு அந்தக் காட்சி. மேர்பி தன்னைக் காட்டச் சொல்லிக் கேட்கிறான். கவசத்தை ஒவ்வொரு துண்டாகக் கழற்றுகிறார்கள். மிஞ்சுவது தலை, தொண்டை, மூச்சு வாங்குகிற நுரையீரல், இதயம், ஒரு கை. அவ்வளவுதான். ஜோயல் கின்னமன் முகத்தை மட்டும் வைத்து நடித்திருக்கிறார், நன்றாக நடித்திருக்கிறார். மூடச் சொல்லிக் கெஞ்சுகிறான். சித்தப்பா அந்த இடத்தில் எழும்பி வெளியே போனார். வைத்தியசாலையில் போர்வையைத் தூக்கிப் பார்த்த நாளை அவர் நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை.

திரும்பி வந்து, "அவனுக்குக் கடிக்குமே?" என்று கேட்டார். இல்லாத பாதத்தில் கடி, எரிவு. அவருக்கு இன்றைக்கும் இரவில் வருகிறது. இல்லாத சுண்டுவிரல் மடங்கி நிமிராமல் நிற்குமாம். எங்கள் தமிழ்நாட்டு ஆளான வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு பெட்டிக்குள் கண்ணாடி வைத்து, இருக்கிற கையின் நிழலை இல்லாத கையின் இடத்தில் காட்டி, அந்த வலியைக் குறைத்துக் காட்டினார். சித்தப்பாவுக்கு அதை ஒருமுறை நிலைக்கண்ணாடி வைத்துச் செய்து பார்த்தோம், கொஞ்சம் சுகம் என்றார். படத்தில் மேர்பிக்கு முழு உடம்பும் இல்லை. முழு உடம்பும் கடித்தால் அவன் எங்கே சொறிவான்? நூறு மில்லியன் டொலர் செலவழித்த படம் இதைத் தொடவே இல்லை. ஆனால் இதைக் கேட்க வைத்தது இந்தப் படம்தான். பழையதைப் பார்த்து எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை.

இதுதான் அந்த வேறு சாமி. உடம்பு போன ஒருவன், போனது தெரிந்தபடியே, மனைவிக்கு முன்னால் போய் நிற்பது. பழையதில் மனைவி நினைவில் வந்து போகிற ஒரு முகம். புதியதில் மனைவி கிளாரா கையெழுத்துப் போட்டுத்தான் அவனை அப்படி ஆக்குகிறார்கள். தம்பி, குடும்பம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை நான் முதலில் சாதாரணமாகத் தள்ளிவிட்டேன். பிழை என்னுடையது.

2024 மார்ச் 11

"ஒரு கை" என்று எழுதினேன், எந்தக் கை என்று கேட்டிருக்கிறீர்கள். வலக்கை. அதைப் போய்ப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பழைய படத்தில் கொலைகாரர்கள் முதலில் சுட்டுச் சிதறடிப்பது மேர்பியின் வலக்கையைத்தான். பிறகு டொக்டர்மார் இடக்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோசமாகச் சொல்கிறார்கள். மிகுவேல் ஃபெரர் நடித்த கம்பனி அதிகாரி, முழு உடம்பும் செயற்கை என்றுதானே முடிவெடுத்தோம், கையை எடுத்துவிடுங்கள் என்கிறார். வேலைக்குச் சேரும்போதே பத்திரத்தில் கையெழுத்து வைத்தவன், சட்டப்படி செத்தவன், என்னவும் செய்யலாம். எல்லாம் அந்தக் கோடு விழுந்த கண்ணுக்குள்ளிருந்து நாங்கள் கேட்கிறோம். டெக்கில் பார்த்தபோது இந்த வசனம் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

2024 மார்ச் 14

மட்டக்களப்பு அக்கா கேட்டது: கடைசிக் காட்சிகளில் எது நல்லது? இதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை, பழையதுதான்.

பழையதில் அவனுக்குள் மறைத்து வைத்த நான்காவது கட்டளை ஒன்று இருக்கிறது. கம்பனியின் மேலதிகாரி எவரையும் அவனால் கைதுசெய்ய முடியாது, முயன்றால் உடம்பே நின்றுவிடும். குற்றவாளி யார் என்று தெரிந்தும் கை தூக்க முடியாமல் கூட்ட அறையில் நிற்கிறான். கம்பனித் தலைவரான கிழவர் குற்றவாளியான அந்த அதிகாரியைப் பார்த்து உனக்கு வேலை போய்விட்டது என்கிறார். அந்தக் கணத்தில் அவன் அதிகாரி இல்லை. கட்டளை அவனைக் காப்பாற்றாது. சுட முடிகிறது. இயந்திரம் விதியை மீறவில்லை, விதியே வழிவிடுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தப் பூட்டுத் திறக்கும் சத்தம் எனக்குக் கேட்கும்.

புதியதிலும் பூட்டு இருக்கிறது. சிவப்புப் பட்டி கையில் கட்டியவர்களை அவனால் சுட முடியாது. கீற்றன் கட்டியிருக்கிறார். மேர்பி பல்லைக் கடித்து, மனவுறுதியால் அதை உடைத்துச் சுடுகிறான். அப்படியென்றால் பூட்டு எதற்கு? மனவுறுதி போதும் என்றால் சித்தப்பாவின் கால் எப்போதோ எழும்பியிருக்கும். கிற்றார்க்காரரை வைத்து உணர்ச்சி வந்தால் இயந்திரம் தடுமாறும் என்று அவ்வளவு கவனமாகக் காட்டிய அதே படம், முடிவில் உணர்ச்சி வந்தால் இயந்திரம் வெல்லும் என்கிறது. இடையில் மேர்பியின் மூளையில் டோபமின் என்ற உணர்ச்சியோடு தொடர்புள்ள இரசாயனத்தைக் குறைத்து அவனை மரமாக்குகிறார் நோர்டன், அதிலிருந்து அவன் எப்படி மீண்டான் என்று படம் ஒரு நல்ல காரணம் சொல்லவில்லை. இந்த இடத்தில் நான் கோபப்படுவதற்குக் காரணம், முன்பாதி அவ்வளவு நன்றாக இருந்தது.

வசூலைக் கேட்டவருக்கு: பழையது ஏறத்தாழ 13 மில்லியன் டொலரில் எடுத்து அமெரிக்காவில் மட்டும் 53 மில்லியன் அளவில் எடுத்தது. புதியது உலகம் முழுக்க 240 மில்லியனுக்குக் கொஞ்சம் மேல், அதில் அமெரிக்கப் பங்கு 60 மில்லியனுக்கும் குறைவு. வெளிநாட்டுச் சனம்தான் அந்தப் படத்தைத் தூக்கிவிட்டது.

2024 மார்ச் 17

தம்பி, உங்கள் கேள்விக்கு மார்ச் 2 இரவு நான் கொடுத்த பதிலை மாற்றுகிறேன். "சாகவில்லை, அதனால் குறை" என்று சொன்னேன். சாகாததால்தான் அந்தக் கழற்றும் காட்சி வர முடிந்தது. செத்தவனுக்குத் தன் உடம்பைப் பார்த்துக் கெஞ்சத் தெரியாது. ஆக அது குறை இல்லை, வேறு பாதை. குறை என்னவென்றால் அந்தப் பாதையில் பாதி தூரம் போய்விட்டுச் சண்டைக் காட்சிகளுக்குத் திரும்பி வந்ததுதான். ரோபோக்களைச் சுடுகிற அந்த நீண்ட சண்டைக்குப் பதிலாக, அவன் வீட்டுக்குப் போய் மகனோடு ஒரு மணித்தியாலம் இருப்பதைக் காட்டியிருந்தால் நான் உங்கள் கட்சி.

இப்போதைக்குப் பழையது முழுப் படம், புதியது இரண்டு பெரிய காட்சிகள். அந்த இரண்டு காட்சிகளும் பழையதில் இல்லை.

நீங்கள் நிலாவெளிதானே, ஒரு நாள் டவுனுக்கு வந்தால் வாருங்கள், சித்தப்பா உங்களோடு கதைக்க வேண்டும் என்கிறார். புதியதை ஆதரித்துப் பேசுகிற பெடியன் யார் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

2024 மார்ச் 24

தம்பி வந்தார். சித்தப்பாவும் அவரும் நானும் பழையதைப் பார்த்தோம். சித்தப்பாவுக்கு இது முதல் தடவை. இப்போது படம் பளிங்கு மாதிரி, கசெட்டின் கோடு இல்லை. இருக்கிற கோடெல்லாம் மேர்பியின் கண்ணுடையது.

இடக்கையை எடுக்கச் சொல்லும் இடத்தில் சித்தப்பா, "ஆர் உவன்?" என்றார்.

"கம்பனி ஆள்."

"டொக்டர் காப்பாத்தின கையை இவன் ஏன் வெட்டச் சொல்லுறான்?"

தம்பிதான் விளக்கினார், அந்தப் பத்திரத்தைப் பற்றி, சட்டப்படி செத்ததைப் பற்றி. நான் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா காலைக் கழற்றிக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முடியும் வரைக்கும் பார்த்தார். கடைசியில் கிழவர் பெயரைக் கேட்கிறார், அவன் "மேர்பி" என்கிறான், படம் முடிகிறது. சித்தப்பா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தம்பியிடம், "மற்றதில அந்தக் கிற்றார்க்காரன்ர இடத்தை இன்னொருக்காப் போடும்" என்றார்.